கோட்டை விழுந்த சனிக்கிழமை

மைசூர்ச் சுல்தான் தன் கோட்டை வாசலில் விழுந்து இறந்தது 1799ஆம் ஆண்டு மே மாதம் நான்காம் திகதி. அன்று சனிக்கிழமை. அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்பே, 1795இல், ஆங்கிலேயர் எங்கள் கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்துக்கொண்டார்கள். அதே கரையோரத்து உடப்புக் கிராமத்தில் எங்கள் வாசிகசாலையின் ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, இந்த இரண்டு செய்தியோடும்தான் தொடங்குவேன் என்று பிடிவாதமாக நின்றேன். அந்த வருடமும் மே நான்கு சனிக்கிழமையில் விழுந்திருந்தது. கலண்டரில் அதைக் கண்ட பிறகு வேறு கதையை யோசிக்க மனம் வரவில்லை.

நாடகத்தைப் பழக்கியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊருக்கே அவர் டீச்சர். என் பிரதியை வாசித்துவிட்டு, "இதில நாடகம் எங்க இருக்கு? முழுக்கத் திகதியாத்தானே கிடக்கு," என்றார். பாதியை வெட்டினார். மிஞ்சிய திகதிகளை மேடையோரம் நின்று ஒலிவாங்கியில் சொல்லும் வேலையை எனக்கே தந்தார்.

சுல்தானாக நடித்தவர் மதுரங்குளியில் மீன் கடை வைத்திருப்பவர். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது அவர் சின்னப் பிள்ளை. மீன் எடுக்க விடியற்காலையில் உடப்புக் கரைக்கு வருவார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நாங்கள் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல உயரம். அந்த உயரத்தால் பள்ளிக்கூடக் காலம் தொட்டு எந்த நாடகத்திலும் அவருக்கு வாயிற்காவலன் வேடம்தான். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். வசனம் கிடையாது.

"சுல்தான் வாசல்லயா மௌத்தானாரு?" என்று முதல் நாளே கேட்டார்.

"ஓம் நானா. உள்மதில் வாசல்."

"அப்ப இவ்வளவு காலமும் நான் சரியான இடத்திலதான் நிண்டிருக்கிறன்."

அவருடைய கண் முழுக்க அந்தக் கடைசிக் காட்சியில்தான். சுற்றிலும் ஆட்கள் விழுந்து கிடக்கிறார்கள். யாரென்று எதிரிக்குச் சொன்னால் உயிர் தப்பலாம் என்று சுல்தானிடம் பணியாள் சொல்கிறான். சுல்தான் மறுக்கிறார். சாதாரணப் போர்வீரனைப்போலச் சண்டைபிடித்து, பிணங்களோடு பிணமாக விழுகிறார். கொன்ற சிப்பாய் யாரென்று இன்றுவரை சரியாகத் தெரியாது. இதைச் சொன்னபோது நானா, "இதுக்காகத்தான் நான் வாறன்," என்றார்.

டீச்சருக்கோ அந்தக் காட்சியையே எடுத்துவிட விருப்பம். முந்தைய வருட நாடகத்தில் செத்துக் கிடந்த மன்னன் நுளம்பு கடித்து முழங்காலைச் சொறிய, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த அவமானம் அவருக்கு ஆறவில்லை.

"சுல்தான் வாளோட நிக்கிற இடத்தில முடிப்பம். செத்தா சிரிப்பினம்."

"சாகாட்டி எனக்கு இந்த வேசம் வேணாம் டீச்சர்."

கடைசியில் டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார். திரைக் கயிறு அவர் கையில் இருக்கும். அந்தக் காட்சியில் சனம் சிரித்தால் கயிற்றை விட்டுவிடுவார். நாடகம் அதோடு சரி. நானா ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து கடையில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே விழுந்து பழகினார்.

"நானா, மௌத்தாக முந்தி இந்தப் பாரையை வெட்டித் தந்திட்டுப் போங்க," என்று வாடிக்கையாளர்கள் பகிடி பண்ணினார்கள்.

ஆங்கிலப் படைக்குக் கரைவலை இழுக்கும் ஆட்களைப் பிடித்தோம். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்ததால் அவர்களுக்கு வேலை இல்லை. தென்னோலைக் கிடுகுத் தட்டியில் சாக்கை இறுக்கிச் சாம்பல் நிறம் பூசி மதில் செய்தோம். உண்மையில் மதிலை உடைத்தது பீரங்கி. எங்களிடம் பீரங்கி இல்லாததால் மதிலின் நடுவில் கதவளவு துண்டைத் தனியாகச் செருகி, அதில் கயிறு கட்டினோம். படை கயிற்றை இழுத்தால் துண்டு கழன்று விழும். அந்த வழியால் உள்ளே பாய்வார்கள். ஒத்திகையில் ஒரு பிசகும் வரவில்லை.

ஒத்திகைக்கு வராதவர் சம்மாட்டி, அந்தக் கரைவலை ஆட்களின் வலைக்குச் சொந்தக்காரர். விழாவன்று முன்வரிசையில், நானாவின் மனைவிக்கும் இரண்டு மகள்மாருக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் காட்சி வந்தது. நான் திகதியைச் சொன்னேன். படை கயிற்றைப் பிடித்து, நாங்கள் பழக்கியபடி மெதுவாக இழுத்தது. தன் ஆட்கள் அப்படி இழுப்பதைச் சம்மாட்டியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழும்பிவிட்டார்.

"என்னடா இழுவை இது? சோறு திங்கேல்லையா? சேர்த்து இழுங்கடா!"

சொல்லிவிட்டு, வலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டுக்குக் குரல் எடுத்தார். கரையில் அந்தக் குரல் எழும்பினால் வலையின் மடி மணலில் ஏறும்வரை ஒருவரும் கயிற்றை விடமாட்டார்கள். கும்பெனிப் படை அம்பா பாடிக்கொண்டு பின்பக்கமாக நடந்து இழுத்தது. துண்டு வந்தது. அதோடு விடவில்லை, கோட்டை முழுவதும் வந்து அவர்கள் தலையிலேயே கவிழ்ந்தது.

சனம் சிரித்த சிரிப்பு முகத்துவாரம்வரை கேட்டிருக்கும். நானாவின் மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மதில் இருந்த இடத்தில் நானா தனியாக, ஓங்கிய வாளோடு நின்றார். டீச்சரின் கை திரைக் கயிற்றில் இருந்தது. நானா சனத்தைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையை மெல்ல ஆட்டினார்.

பிறகு வாளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, கிடுகைத் தூக்கினார்.

"எழும்புங்க தொரைமாரே. நான் இன்னும் உசிரோடதான் நிக்கிறன்."

சிரிப்பு கைதட்டலாக மாறியது. நானா முன்வரிசையைப் பார்த்தார்.

"சம்மாட்டி, நீங்களும் ஏறுங்க. விழுத்தினவர்தான் நிமித்தோணும்."

சம்மாட்டி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறினார். சுல்தானும் எதிரிகளும் சேர்ந்து கோட்டையை நிமிர்த்தினார்கள். சம்மாட்டி ஒரு முனையைக் கையால் தாங்கிக்கொண்டார்.

"அண்ணே," என்று நானா என் பக்கம் திரும்பினார், "திகதியைத் திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன். இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. படை வாசலால் பாய்ந்தது. பணியாள் கெஞ்சினான், சுல்தான் மறுத்தார். மதிலைத் தாங்கிக்கொண்டு ஒரு மனிதர் சாரமும் பெனியனுமாக நின்றதாக எந்தச் சரித்திரத்திலும் நான் வாசித்ததில்லை. அது என்னை உறுத்தவே இல்லை. நானா வாசலில் முழங்காலில் விழுந்து, வாளை ஊன்றி எழும்பப் பார்த்து, முடியாமல் விழுந்து கிடந்த மற்றவர்கள்மேல் சாய்ந்தார். சின்ன மகள் "வாப்பா!" என்று கத்தி அழத் தொடங்கினாள். ராத்தாக்காரியான மூத்த மகள் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டீச்சர் கயிற்றை அங்குலம் அங்குலமாக விட்டார்.

திரை விழுந்த பிறகும் நானா எழும்பவில்லை. பயந்துபோய்க் கிட்டப் போனேன்.

"நானா, முடிஞ்சுது. எழும்புங்கோ. பிள்ளை அழுறாள்."

"தெரியும்," என்றார், கண்ணைத் திறக்காமல். "அவளை இங்க கூட்டிவாங்க. நான் எழும்புறதை அவ பாக்கட்டும். அதுவரைக்கும் இப்படியே கிடக்க விடுங்க."

சம்மாட்டி உடைந்த கிடுகுத் துண்டொன்றை எடுத்து, அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து விசிறத் தொடங்கினார்.