பிப்ரவரி எழுத்துக்கு ஒரு கர்ச்சீப்

காலையில் பால் வாங்கக் கிளம்பும்போது முதலில் கண்ணில் படும் வண்டியின் நம்பர் பிளேட்டிலிருந்து கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகளை எடுத்துக்கொள்வேன். அவற்றோடு அந்த மாதத்தின் முதல் எழுத்தையும் சேர்ப்பேன். இந்த மூன்றும் எந்த வரிசையிலாவது வருகிற மிக நீளமான ஆங்கிலச் சொல்லைச் சாயங்காலத்துக்குள் பிடிக்க வேண்டும். ஏழு வருடங்களாக ஒரு நீள நோட்டில் தேதி, கிழமையோடு எழுதி வருகிறேன். முதல் பக்கத்தில் விதிகள் இருக்கின்றன. அக்டோபர் சுலபமான மாதம். ஜனவரி படுத்தி எடுத்துவிடும். ஜே என்ற எழுத்து பெரும்பாலும் சொல்லின் தலையில்தான் உட்காருகிறது. நடுவில் வருவதற்கு அதற்கு என்ன கூச்சமோ, இன்னும் விளங்கவில்லை.

என் மனைவி ஆரணித் தறிகளுக்குப் பாவு பிணைப்பவள். தறியில் பழைய பாவு தீரும் நேரத்தில், அதன் இழை முனைகளோடு புதுப் பாவின் முனைகளை ஒவ்வொன்றாக விரலில் முறுக்கிச் சேர்க்கும் வேலை. ஒரு பட்டுப் பாவில் ஆயிரக்கணக்கில் இழைகள் உண்டு. எட்டாவது வரை படித்தவள். ஆங்கில எழுத்துகள் தெரியும், சொற்கள் அவ்வளவாகத் தெரியாது. என் நோட்டை அவள் கவனிப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. டி, கே, எஃப் என்று காலையிலேயே நோட்டில் குறித்து வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். பக்கத்து ஊரான சேத்துப்பட்டில், என் ஆபீசில் மதியச் சாப்பாட்டின்போதே எனக்கு 'ஃபீட்பேக்' கிடைத்துவிட்டது, எட்டு எழுத்து. வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்தேன். அவளுக்கு அன்று வேலை இல்லை, புதுப் பாவு வந்து சேரவில்லை. என் ஆங்கிலம்-தமிழ் அகராதியை மடியில் வைத்திருந்தவள், தன்னிடமும் ஒன்று இருப்பதாகச் சொல்லி ஒரு சொல்லின் மேல் நகத்தை வைத்தாள். படிக்க வரவில்லை, எழுத்து எழுத்தாகச் சொன்னாள். பாதியில் எனக்குப் புரிந்துவிட்டது. ஹேண்ட்கர்ச்சீப்.

"கர்ச்சீப்பா? மூக்கு தொடைக்கிறதுக்கு இத்தினி நீளமா?" என்றாள்.

அதை நோட்டில் எழுதச் சொன்னாள். தான் கண்டுபிடித்தது என்று பக்கத்திலேயே குறிக்க வேண்டுமாம். எனக்கு மனசு வரவில்லை. அர்த்தம் தெரியாமல் எடுத்த சொல் செல்லாது என்றேன். அது எந்த விதி என்று கேட்டு முதல் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே இல்லை. பேனாவை எடுத்து, அன்றைய தேதி போட்டு, கடைசி விதியாகச் சேர்த்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அவள் கோபப்படவில்லை. அப்படியானால் பழையதற்கும் அதே விதிதான் என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். அன்றைய பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சொல்லாக எழுத்துக் கூட்டினாள், நான் அர்த்தம் சொன்னேன். ஜனவரி பக்கம் வரை தப்பித்தேன். அங்கே ஜே, கே, பி. 'ஜாக்பாட்' போதவில்லை என்று நீளத்துக்காக அகராதியில் பிடித்த 'ஜாக்கனேப்ஸ்' இருந்தது, பத்து எழுத்து.

அர்த்தம் எனக்கே தெரியாது. 'ஜாக்' என்றால் பலாவாயிற்றே என்று, பலாவில் ஒரு வகை என்றேன்.

அகராதியைப் புரட்டினாள். தமிழில் இருந்ததை நிதானமாகப் படித்தாள்.

"துடுக்கன். செருக்குப் பிடிச்சவன்." நிமிர்ந்து பார்த்தாள். "உங்களையேதாங்க எழுதி வெச்சிகினு இருக்கீங்க."

சிரித்து முடிய இருவருக்கும் நேரம் ஆயிற்று. என் சொல்லையே அடிக்கப் போனேன், கையைப் பிடித்துத் தடுத்தாள். பாவில் ஒரு இழை தவறினால் அதற்குப் பிறகு சேர்த்தது எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். அதற்காகப் பாவையே யாரும் அறுப்பதில்லை, தவறிய இடத்துக்குத் திரும்பிப் போவார்கள் என்றாள். தவறிய இடம் எது என்று எனக்குத் தெரிந்தது. முதல் பக்கத்துக்குப் போய்ப் புது விதியை அடித்து, அடித்த காரணத்தையும் எழுதினேன்.

எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நான் எஃப்பில் தொடங்கும் சொற்களை வரிசையாகப் பார்ப்பவன். அவளோ சொற்களைப் பார்க்கவே இல்லையாம். மூன்றில் அரிதாக வருவது கே என்று அகராதியின் முதல் பக்கங்களிலேயே தெரிந்துவிட்டதாம். பத்திகளில் நகத்தை ஓட்டிக்கொண்டே, கே கண்ணில் பட்ட இடத்தில் மட்டும் நின்று மற்ற இரண்டும் உண்டா என்று பார்த்திருக்கிறாள். காலையில் முதல் பக்கத்தில் ஆரம்பித்து, மத்தியானத்துக்குள் ஹெச் வரை வந்துவிட்டாள்.

ஃபீட்பேக்குக்குக் கீழே அவள் சொல்லை எழுதினேன். கண்டுபிடித்தவர் மனைவி என்று குறித்தேன். பதினொரு எழுத்து என்று போட்டு நோட்டை மூடப் போனேன்.

"இருங்க," என்று நகத்தை முதல் எழுத்தில் வைத்து எண்ணிக்கொண்டே போனாள். "பன்னெண்டு."

நானும் எண்ணினேன். பன்னிரண்டுதான். அதையும் திருத்தினேன்.