தாமதமாக எடுத்த ரத்தம்

அலிப்பூரில் அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன் நான். எந்தத் தாள் எந்த மேஜைக்குப் போகவேண்டும் என்பது எனக்கு அத்துப்படி.

என் மனைவிக்கு ஒருமுறை வலிப்பு வந்ததும் டாக்டர் மாத்திரை கொடுத்தார். மறுபடி வந்தால் உடனே ரத்தத்தில் ப்ரோலாக்டின் என்ற ஹார்மோனின் அளவு பார்க்கச் சொல்லிச் சீட்டும் தந்தார். மூளையால் வரும் வலிப்பா, மனத்தால் வருவதா என்று பிரித்தறிய அது உதவுமாம்.

மறுபடி வந்தது. லேக் கார்டன்ஸில் எங்கள் தெருவிலேயே இருக்கும் பரிசோதனைக் கூடத்தில் ஊசியோடு தயாராக நின்றார்கள். நான்தான் விடவில்லை. சீட்டில் தேதி இல்லை, முத்திரையும் இல்லை. இரண்டையும் வாங்கி வந்து ரத்தம் கொடுக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. முடிவு, இயல்பு.

டாக்டரிடம் காட்டாமல் நானே தீர்ப்பெழுதினேன். "உனக்கு வலிப்பே இல்லை, எல்லாம் மனசுதான்" என்று மாத்திரையை நிறுத்தினேன்.

"அப்போ நான் நடிக்கறேன்கறேளா?" என்றாள்.

பத்தாம் நாள் அடுப்படியில் வலிப்பு வந்து, கொதிக்கும் ரசத்தோடு சாய்ந்தாள். வலது கை வெந்துவிட்டது.

"மேஷோமஷாய், இருபது நிமிஷத்துக்குள்ள எடுத்திருக்கணும். அப்புறம் அளவு தானா இறங்கிடும்" என்றார், சீட்டுத் தந்த அந்த இளம் வங்காளி டாக்டர்; என்னைப் பெரியப்பா முறை வைத்து அப்படித்தான் அழைப்பார். "சீக்கிரம் எடுத்து நார்மலா வந்தாலும் வலிப்பு இல்லேன்னு ஆகாது. மனசால வந்தாலும் அது நடிப்பில்லை." மூளையின் மின்னலைகளைப் பதியும் வீடியோ ஈ.இ.ஜி. எடுத்ததில் வலிப்பு நோய்தான் என்று உறுதியாயிற்று.

இப்போது வலிப்பு வந்தால் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைக் குறித்து, கைப்பேசியில் படமெடுத்து டாக்டருக்கு அனுப்புகிறேன். மாத்திரை விஷயத்தில் வாய் திறப்பதில்லை. உடம்பு ஒரு மாதிரி இருந்தால் முன்கூட்டியே சொல் என்று அவளிடம் கேட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

அவள் சொல்கிறாள், எதிர்வீட்டு வங்காளி அம்மாளிடம்.