பிக்கியூலியர்

பள்ளிக்கூடமும் நல்லூர் ரியூசனும் முடிந்து உடுவில் வீட்டுக்கு வந்து சேரும்போது எனக்குத் தொண்டை கட்டியிருக்கும். நாள் முழுக்க ஆங்கிலம் படிப்பித்துவிட்டு வந்தால், மாலையில் எந்த மொழியிலும் கதைக்க மனம் வராது. ஒருநாள் லண்டனிலிருந்து என் கணவரின் தம்பி எடுத்தபோதும், போனைக் காதில் பிடிக்க அலுப்பாக இருந்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணி, அந்தக் காணியை வித்துப்போட்டு நிம்மதியா இருக்கச் சொல்லுங்கோ அக்காவை. அவ சரியான பிக்கியூலியர்."

குசினியில் மச்சாள் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

மச்சாள் என் கணவரின் அக்கா. என் கணவர் காலமான பிறகு நாங்கள் இருவரும்தான் இந்த வீட்டில். கடலோரக் காங்கேசன்துறையில் மச்சாளுக்குச் சீதனமாக எழுதிய காணி ஒன்று உண்டு. கலியாணம்தான் நடக்கவில்லை. இராணுவம் பிடித்து வைத்திருந்த காணியை விட்டதிலிருந்து அடிக்கடி பஸ் ஏறி அங்கே போய்விடுவார். வீடு இடிந்து, கிணறும் அத்திவாரமும்தான் மிச்சம். பற்றை வெட்டிவிட்டு, வெயில் தாழத் திரும்பி வருவார்.

சாப்பிடும்போது மச்சாள் கேட்டார். "அவன் சொன்ன சொல்லுக்கு என்ன கருத்து?"

"விசித்திரமான ஆள் எண்டு."

"விசர் எண்டோ?"

"சீ, பைத்தியம் எண்டு இல்லை மச்சாள். மற்ற ஆக்களைப்போல இல்லாத ஆள்."

அவர் சோற்றை முடிக்காமல் எழுந்து கை கழுவினார். நான் சொன்ன கருத்து எனக்கே போதாமல் இருந்தது. மறுநாள் ஓய்வுப் பாடவேளையில் அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் அதன் வேர் கால்நடை. ஒருவனுடைய மாடுதானே அந்தக் காலத்தில் அவனுடைய சொத்து? அதனால் முதலில் 'தனக்கே சொந்தமானது' என்று பொருள்பட்டு, பிறகு 'ஒருவருக்கே உரிய தன்மை' என்றாகி, கடைசியில்தான் 'விசித்திரம்' ஆகியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபடியே சொன்னேன். மச்சாள் கவனமாகக் கேட்டார்.

"எனக்கெண்டு இருக்கிறது அந்தக் காணி ஒண்டுதான்," என்றார். பிறகு, "சனிக்கிழமை நீரும் வாருமன். கிணறு இறைக்கவேணும்."

போனேன். வாடகைப் பம்பு பின்னேரம் வரை சேற்றை இழுத்தது. தெளிந்து ஊறிய தண்ணீரை முதலில் அவர்தான் குடித்துப் பார்த்தார். "உப்பில்லை," என்றார். அன்றே தகரக் கொட்டில் போட ஆள் பிடித்தார்.

இப்போது அவர் அங்கேதான் இருக்கிறார். லண்டன் தம்பி கோபத்தில் கொஞ்சக் காலம் போன் எடுத்துக் கதைக்கவில்லை; இப்போது எடுத்தாலும் விற்கிற கதை இல்லை. நான் ரியூசன் இல்லாத நாட்களில் போவேன். மச்சாள் என்னைக் கதைக்க வைக்காமல் பாயை விரித்துவிட்டு வெளியே போய்விடுவார். மத்தியானம் முழுக்க நித்திரை கொள்வேன்.