கல்யாணக் கவுனில் ஒரு அங்குலம்

என் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. தையல் கடைக்கு வருபவர்களிடம் "சூப்பரா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? ஒருநாள் ஒரு டீச்சரம்மா கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுத் துணியோடு வந்தார். அக்கா அதை அவர் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதைப் போட்டா எல்லாரும் துணியைத்தான் பாப்பாங்க. உங்க முகத்தைப் பாக்குற மாதிரி வேற ஒண்ணு எடுக்கலாமா?" என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே போய் நீலத்தில் வாங்கி வந்தார். நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு ஆரஞ்சைத் தைத்துக் கொடுத்திருப்பேன்.

தினமும் மெஷினில் உட்காரும் முன் அக்கா ஒரு ஜெபம் செய்வாள். "ஆண்டவரே, இன்னைக்கு என் வாயைப் பாத்துக்கோங்க." அவ்வளவுதான். அந்தக் கல்யாணக் காலையிலும் அதைத்தான் சொன்னாள்.

பெரிய இடத்துக் கல்யாணம். கவுன் தைத்தது அக்கா. கொக்கியும் பாசி வேலையும் நான். இது ஒன்று பேர் வாங்கித் தந்துவிட்டால் எங்கள் கடை எங்கேயோ போய்விடும்! மணப்பெண்ணுக்கு வெளியூரில் வேலை. அளவு கொடுத்துவிட்டுப் போனவள், நடுவில் போட்டுப் பார்க்க லீவு கிடைக்காமல், முந்தின நாள் ராத்திரிதான் வந்து சேர்ந்தாள்.

காலையில் பெண் வீட்டில் கவுனை மாட்டிவிட்டால், ஜிப் இடுப்பில் நின்றுவிட்டது. நான் இழுத்தேன், அவள் அம்மா இழுத்தாள். ம்ஹூம்! சர்ச்சுக்குக் கிளம்ப இன்னும் அரைமணிதான்.

"அப்பவே சொன்னேன், வாயைக் கட்டுடின்னு" என்று ஆரம்பித்தாள் பெண்ணின் அத்தை.

"நேத்துல இருந்து வெறும் தண்ணிதான் அத்தை குடிச்சேன்" என்று பெண் விம்மினாள்.

அக்கா டேப்பை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றினாள். பிறகு டேப்பையே உற்றுப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் சட்டென்று விளங்கியது. எங்கள் பழைய டேப்பில் முதல் அங்குலம் கிழிந்துபோயிருந்தது. அதனால் வருஷக்கணக்காக அளவில் ஒன்றைக் கழித்தே அக்கா எழுதுவாள். இந்தப் பெண்ணுக்கு அளவெடுத்ததோ புது டேப்பில். பழக்கதோஷம், அதிலும் ஒன்றைக் கழித்துவிட்டாள்!

நான் அக்காவின் கையைக் கிள்ளினேன். "மூச்சு விடாத. உள்ள துணி விட்டிருக்கே, பிரிச்சுத் தைச்சிடலாம். பொண்ணு பெருத்துட்டான்னே இருக்கட்டும்" என்று காதில் சொன்னேன். "வாயைப் பாத்துக்கோங்கன்னு நீதானே ஆண்டவர்கிட்ட கேட்ட?"

அக்கா பெண்ணின் கையைப் பிடித்தாள். "அழாதம்மா. நீ கொஞ்சம்கூட பெருக்கல. அளவைத் தப்பா எழுதினது நான்தான். மன்னிச்சிடு. இப்பவே சரி பண்ணித் தரேன்." அத்தை பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு இவ மேல எவ்வளவு அக்கறைன்னு தெரியுது. இந்த விளக்கைக் கொஞ்சம் கிட்டப் பிடிக்கிறீங்களா?"

திட்டத் திறந்த வாயோடு அத்தை விளக்கைப் பிடித்தாள்.

"அப்ப நான் குண்டாகலையா?"

"இல்லவே இல்ல."

"அம்மா! பசி உயிர் போகுது, ஏதாவது குடு!"

நான் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். விரல் பறந்தது! பெண் ரொட்டியைக் கடித்தபடி கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வாசலில் கார் ஹாரன் அடிக்கவும் ஜிப் சர்ரென்று மேலே ஏறவும் சரியாக இருந்தது. சந்தோஷத்தில் நான் கத்தியே விட்டேன்.

விருந்தில் அத்தை மேஜை மேஜையாகப் போய், "டெய்லர்தான் அளவுல கோட்டை விட்டுட்டா" என்று பரப்பிக்கொண்டிருந்தாள். போச்சு, கடை பேர் போச்சு!

"போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா?"

"எதுக்கு? அவங்க சொல்றது நிஜம்தானே" என்றாள் அக்கா.

அப்போது மேடையிலிருந்து, கூடமே கேட்கும்படி மணப்பெண் கத்தினாள். "டெய்லர் அக்கா! இன்னும் கேக் சாப்பிடலாமா? தையல் தாங்குமா?"

அக்கா எழுந்து நின்று அவள் இடுப்பை ஒரு பார்வை பார்த்தாள். "ரெண்டு துண்டு தாங்கும்மா. மூணாவதுக்கு நான் பொறுப்பில்ல!"

கூடமே சிரித்தது, அத்தை உட்பட. பின்னாலிருந்து ஒரு அம்மா என் தோளைத் தட்டி, "இவங்க கடை எங்க இருக்கு?" என்றார். வழி சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.