பூஜை அறையின் தெற்குச் சுவர்

என் மேசை மேல் ஓர் ஈயக் குண்டு இருக்கிறது. கொட்டைப்பாக்கை விடப் பெரிது, எலுமிச்சம்பழத்தை விடச் சிறிது. மீன் வலையின் அடியில் கட்டுகிற குண்டுகள் மூன்றை உருக்கி, ஈர மணலில் குழி தோண்டி ஊற்றிச் செய்தது. அதனால் அடிப்பக்கம் மட்டும் மணல் பதிந்து சொரசொரவென்று இருக்கும். தலையில் பச்சை நைலான் நரம்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பறந்தால் துரத்திப் பிடிக்கும் அளவுக்கு முக்கியமான காகிதம் எதுவும் என்னிடம் கிடையாது. இது சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கிற தூக்குக் குண்டு. வலைக் குண்டை உருக்கித் தூக்குக் குண்டாக்கியவர் எனக்குத் தெரிந்து சென்னையில் ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அடையாறில் ஓர் அடுக்குமாடி வேலையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் கட்டுமானம் படித்து, ஒரு செங்கல்லைக்கூடக் கையால் தொடாமல் முதல் வகுப்பில் தேறியவன் நான். மேஸ்திரி என்னை "இன்ஜினியர் சார்" என்று கூப்பிட்டால் "கொஞ்சம் ஓரமாக நில்" என்று அர்த்தம். அது புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. சாந்துக் கலவை சரியா தப்பா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவர மயிலாப்பூர் வீட்டுக்கு ஓடியிருப்பேன். எனக்கு உண்மையில் கைவந்த வேலை ஒன்றுதான், நாலு பேரைச் சிரிக்க வைப்பது. கொத்தனார்கள் சிரித்தால் அன்றைக்கு என் பிழைப்பு ஓடிவிட்டது என்று கணக்கு.

அங்கேதான் குப்பத்து அக்கா வந்தார். ஊரூர் குப்பத்துக்காரர் என்பதால் எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. முப்பது வயதிருக்கும். மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போக அவருக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டபோது, "கூவி விக்க வெக்கமா கீது சார்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அந்தச் சமயத்தில் கிண்டியில் யாரோ நல்லவர்கள் பெண்களுக்குக் கொத்தனார் வேலை கற்றுக்கொடுத்தார்கள். மூன்று மாதப் பயிற்சி முடிந்ததும் கரண்டி, ரசமட்டம், தூக்குக் குண்டு எல்லாம் ஒரு காக்கிப் பையில் போட்டுக் கொடுத்து, கூடவே ஒரு படிவமும் தந்தார்கள். ஆறு மாதம் ஏதாவது ஒரு கட்டடத்தில் வேலை பார்க்க வேண்டும். அங்குள்ள சூப்பர்வைசர் "கொத்தனார் வேலை பார்த்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் முழுச் சான்றிதழ். அதைக் காட்டினால் எந்தக் கட்டடத்திலும் கரண்டி பிடிக்கலாம். இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தலையில் சாந்துச் சட்டிதான். அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவன் நான்.

மேஸ்திரிக்கு ஒரே சட்டம். ஆணுக்குக் கரண்டி, பெண்ணுக்குச் சட்டி. முதலாளி சொல்லிவிட்டாரே என்பதற்காக அக்காவைச் சுவரில் விட்டார், அதுவும் நடுவில் மட்டும். சுவர் கட்டும்போது இரண்டு மூலைகளையும்தான் முதலில் எழுப்புவார்கள். பிறகு இரண்டுக்கும் நடுவே நூல் கட்டி, அந்த நூலைப் பார்த்துக் கல்லை அடுக்கிக்கொண்டே போகலாம். என்னைப் போன்றவன்கூட நடுவில் அடுக்கிவிடுவான். மூலை பிடிக்கிறவன்தான் கொத்தனார். அக்காவுக்கு மூலை கிடைக்கவில்லை. இரண்டாம் நாளே பையிலிருந்த தூக்குக் குண்டும் காணாமல் போனது. அது மேஸ்திரியின் தகரப் பெட்டியில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். என்னிடம் வந்து கேட்டார். நான் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. "குண்டுன்னா கீழ போற சாமான்தானேக்கா, எங்கயாவது போயிருக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மறுநாள் காலை முந்தானை முடிச்சிலிருந்து இந்த ஈயக் குண்டை எடுத்தார்.

ஆடி மாதம் வந்தது. ஊரில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று பாதிக் கொத்தனார்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். முதலாளியோ இரண்டாவது மாடியை முடி என்று நெருக்கினார். வேறு வழியில்லாமல் மேஸ்திரி அக்காவிடம் ஒரு மூலையைக் கொடுத்தார். பூஜை அறையின் தெற்குச் சுவர். ஆறடி நீளம்தான், சாமிக்கு அதற்கு மேல் இடம் எதற்கு என்று முதலாளி நினைத்திருப்பார். அக்கா அதை இரண்டு நாளில் எழுப்பினார். ஒவ்வொரு கல்லையும் வைத்துவிட்டு நரம்பைத் தொங்கவிட்டு, குண்டு ஆடி ஓயும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு கரண்டிக் காம்பால் ஒரே ஒரு தட்டு. நான் படிப்பறிவு முழுவதையும் திரட்டி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். மேலே, கீழே, நடுவே, எங்கே வைத்தாலும் குமிழி நட்டநடுவில் நின்றது. மேஸ்திரியும் வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்து யாரும் பார்த்ததில்லை. ஆறு மாதமும் அந்த வாரத்தோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை படிவத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

புதன்கிழமை அந்த வீட்டை வாங்கியிருந்த மாமா வந்தார். மயிலாப்பூர்க்காரர், ஓய்வுபெறப் போகும் பேங்க் அதிகாரி. எங்கள் வீட்டுப் பேச்சுதான் அவருக்கும், அதனால் என்னிடம் தனிப் பிரியம். பூஜை அறைச் சுவரை விரலால் தடவிப் பார்த்து, "பேஷ், பேஷ். யாருடா கட்டினா இதை?" என்று கேட்டார். ஒருவரைப் பாராட்ட எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "கடற்கரைக் கைவண்ணம் மாமா" என்று ஆரம்பித்தேன். "ஊரூர் குப்பத்து அக்கா, வலைக் குண்டை வெச்சுண்டு கட்டினா. சாமிக்குக் கருவாட்டு வாசனை வந்தா மட்டும் என்னைக் கேக்கப்படாது." பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் பாதி சிரித்தார். மீதிப் பாதியை வாயிலேயே வைத்துக்கொண்டு கீழே இறங்கி முதலாளியிடம் போனார்.

வியாழக்கிழமை காலையில் உத்தரவு வந்தது. வாஸ்துப்படி அந்தச் சுவர் நாலு அங்குலம் தள்ளி இருக்க வேண்டுமாம், இடித்துவிட்டு வேறு ஆள் வைத்துக் கட்ட வேண்டுமாம். வாஸ்து பார்க்கிறவருக்குச் சுவர் எங்கே இருக்கிறது என்பதுதானே கவலை, யார் கட்டினால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இடிப்பது ஆண்களின் வேலை, இடிபாட்டைச் சுமப்பது பெண்களின் வேலை. சாந்து அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்ததால் அந்தச் சின்னச் சுவரை இடிக்க அரை நாள் ஆனது. தான் வைத்த கற்களை அக்கா சட்டி சட்டியாகத் தலையில் வைத்துக் கீழே கொண்டுபோய்க் கொட்டினார். மேஸ்திரி கட்டிய புதுச் சுவர் நாலு அங்குலம் தள்ளி எழும்பவில்லை. பழைய இடத்திலேயே எழும்பியது.

வெள்ளிக்கிழமை அக்கா படிவத்தோடு வந்தபோது மேஸ்திரி என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கொத்தனார் என்று எழுதினால் தன் ஆட்கள் அத்தனை பேரும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் போவார்கள், அடுத்த வாரம் கான்கிரீட் போடுவதை நானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சாந்தமாகச் சொன்னார். பிறகு அக்காவைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்:

"கொத்தனாருன்னா ஒரு சொவுரு வேணுமில்ல சார்? எங்க கீது? காட்டு, நானும் கையெழுத்துப் போடறேன்."

காட்டுவதற்குச் சுவர் இல்லை. அடுத்த வாரம் தனியாகக் கான்கிரீட் போடுகிற என் கோலத்தை நினைத்துப் பார்த்தேன். என் வேலை போய்விடும் என்று பட்டது. "உதவியாளர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் கோணலாக இருக்கும். அன்றைக்கு மட்டும் அச்சுப் போல விழுந்தது.

அக்கா எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். விரலை வைத்து அந்த ஒரு சொல்லைப் படித்தார். "சொவுத்த மட்டுந்தான் இடிச்சீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஈயக் குண்டை என் மேசையில் வைத்தார்.

"இத்த நீயே வெச்சிக்கோ சார். ஜோக்கு வர்றப்போ கையில புடிச்சிக்கோ. கனமா இருக்கும்."

திங்கட்கிழமை அவர் வரவில்லை. ஒரு வருஷம் கழித்து அடையாறு மார்க்கெட் பக்கம் போனபோது ஒரு குரல் கேட்டது. வஞ்சிரம், சங்கரா என்று இரண்டு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கூவிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் வெட்கம் துளிகூட இல்லை. என்னிடம் கொஞ்சம் மிச்சமிருந்தது போல. எதிர்ச்சாரிக்குப் போய் வேகமாக நடந்துவிட்டேன்.

இப்போது எனக்கும் தலை நரைத்துவிட்டது. ஆலோசகர் என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருக்கிறேன். தியாகராய நகர் ஓட்டல்களில் கட்டுமானக்காரர்கள் கூட்டம் போடுகிறார்கள். கைதேர்ந்த ஆள் கிடைப்பதில்லை, பெண்கள் இந்த வேலைக்கு முன்வருவதில்லை என்று எல்லோரும் வருத்தப்படுகிறோம். வருத்தத்துக்கு நடுவே முந்திரி பக்கோடா வருகிறது. நானும் தலையாட்டிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிடுகிறேன்.

போன மாதம் அந்த மாமா போன் செய்தார். வயது தொண்ணூறை நெருங்குகிறது. பூஜை அறைக் கதவு சாத்தினால் நிற்க மாட்டேன் என்கிறதாம், வருஷக்கணக்காக அட்டையை மடித்துச் சொருகித்தான் ஓட்டுகிறாராம். போனேன். கதவை ஒட்டிய தெற்குச் சுவரின் உச்சியில் நரம்பைப் பிடித்துக்கொண்டு ஈயக் குண்டைத் தொங்கவிட்டேன். மேலே சுவரை ஒட்டியிருந்த நரம்பு, கீழே வரும்போது அரை அங்குலத்துக்கு மேல் விலகி நின்றது. மாமா குனிந்து அதைப் பார்த்தார். "அன்னிக்கே கைதேர்ந்தவனாப் பார்த்துப் போட்டிருக்கணும்டா" என்று சொல்லிக்கொண்டே குண்டைத் தொட்டார். "இது என்ன, பித்தளையா?"

நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து நின்றது. குண்டைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"வலைக் குண்டு மாமா. இங்கே மொதல்ல ஒருத்தி இதை வெச்சுண்டுதான் சுவர் கட்டினா. நீங்கதான் இடிக்கச் சொன்னேள்."

மாமா விரல்களை மெல்ல வேட்டியில் துடைத்துக்கொண்டார். சாமி படங்களைப் பார்த்தார். "அது வாஸ்துக்காகத்தானேடா" என்றார்.

"ஆமாம் மாமா" என்றேன். அட்டையைப் புதிதாக மடித்துக் கதவுக்கு அடியில் சொருகிவிட்டு, அவர் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தேன்.

குண்டு மறுபடியும் மேசை மேல் இருக்கிறது. முன்னால் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். அதற்கு அடியில் இப்போது ஒரு காகிதம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தின் அழைப்பிதழ். கைதேர்ந்த கொத்தனார்கள் எங்கே போனார்கள் என்பது தலைப்பு. பேசப் போகிறவர் பெயர் என்னுடையது.