பழங்காநத்தத்தில் ஒரு வாடகைக் குரல்

செல்வக்குமாருக்கு இந்தி வந்தது நாக்பூர் முறுக்குக் கம்பெனியில். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஊர்க்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். எண்ணெய்ச் சட்டி முன்னால் வெந்து, கடைகடையாகப் பொட்டலம் போட்டு, ஏச்சு வாங்கி வாங்கியே அந்த மொழி நாக்கில் ஏறியது. சேர்த்ததை வைத்து ஊர் திரும்பி பி.காம். முடித்தான். கீழக்குயில்குடியில் அவன் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவன்தான். பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படம் சுவரில் ஏறிவிட்டது, வேலைதான் வந்தபாடில்லை.

அப்போதுதான் முத்துக்கருப்பன் ஆள் விட்டு அழைத்தார். அந்தப் பக்கத்துக் கட்சிக்காரர். சொந்தமாக ஒரு கல்லூரியும் நடத்துகிறவர்.

"மாப்ள, வடக்கேயிருந்து தலைவர் வாராரு. அவரு பேசப் பேச நீ அப்படியே தமிழ்ல சொல்லணும். திங்கக்கிழமையே நம்ம காலேஜு ஆபீசுல உக்காந்துரு."

"அம்புட்டுத்தானாண்ணே?"

"அம்புட்டுத்தான். உங்க ஊர்ப் பொம்பளைகளுக்கும் வேன் சொல்லிட்டேன். ஒங்கம்மா பாக்க வேணாமா, மகன் மேடையேறுறத?"

பழங்காநத்தத்தில் சாயங்காலக் கூட்டம். அம்மா பாண்டியம்மாள் நூல் மில்லில் ஷிப்டு முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் வேனில் ஏறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடைக்குக் கீழே கட்சி ஆள் ஒருவன் துண்டோடு நின்றான். அவன் துண்டை உதறினால் கைதட்ட வேண்டும். வேனில் ஏற்றும்போதே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

தொடக்கத்தில் தலைவர் மீனாட்சியம்மனை வணங்கினார், மல்லிகைப் பூவைப் புகழ்ந்தார். செல்வக்குமார் கணீரென்று சொன்னான். பிறகு தலைவர் குரலை உயர்த்தினார். செல்வக்குமார் வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டு, அதையும் அப்படியே தமிழில் சொன்னான்.

"இந்த மாநிலம் மற்ற மாநிலங்களின் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. இலவசம் வாங்கி வாங்கி இங்கே மக்கள் சோம்பேறியாகிவிட்டார்கள்."

துண்டுக்காரன் துண்டை உதறினான். கூட்டம் தட்டியது. மில்லில் எட்டு மணி நேரம் நின்ற கால்களை நீட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகப் பாண்டியம்மாளும் தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் கை நிற்கவில்லை.

தலைவர் அடுத்த வாக்கியத்தில் அவர்களைப் பிச்சைக்காரர்கள் என்று சொல்லிவிட்டு அவனைப் பார்த்தார். செல்வக்குமார் மைக்கைப் பிடித்தான்.

"இதுவரைக்கும் அவரு சொன்னது. இப்ப நான் சொல்றேன். யாரு சோம்பேறி? முன்னால உக்காந்திருக்கே எங்கம்மா, அது ஓட்டுற நூலு துணியாகிக் கப்பல் ஏறுது. சட்டையிலருந்து காரு வரைக்கும் இங்க செஞ்சு வெளிய போகுது. அதுக்கெல்லாம் வரி கட்டுறோம். நாம கட்டுறதுல எம்புட்டு நமக்குத் திரும்பி வருது? இல்லாதப்பட்ட ஊருக்குப் போகட்டும், பள்ளிக்கூடம் கட்டட்டும், வேணாங்கல. நாக்பூர்ல என் கூட அடுப்புல வெந்தவன் பீகார்க்காரன்தான், அவன் பிள்ளைகளும் படிக்கட்டும். ஆனா குடுக்குறவனப் பாத்தே பிச்சைக்காரன்னு..."

மைக் செத்தது.

ஒருவரும் தட்டவில்லை. துண்டுக்காரன் முத்துக்கருப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு பேர் செல்வக்குமாரின் தோளைப் பிடித்துப் படியில் இறக்கினார்கள். என்ன ஆயிற்று என்று தலைவர் கேட்பதும், கூட்டத்துக்கென்று வைத்திருந்த அரைகுறை இந்தியில் முத்துக்கருப்பன் பதில் சொல்வதும் அவன் காதில் விழுந்தன.

"கரண்ட் போச்சு ஜி."

மேடை முழுக்கக் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலைவர் தலையை ஆட்டினார். "இந்த மாநிலத்தில் அதுவும் ஒழுங்காக இல்லை, பாருங்கள்."

மேடைக்குக் கீழே அதைக் கேட்டுப் புரிந்துகொண்டவன் செல்வக்குமார் ஒருவன்தான். அதைத் தமிழில் சொல்லும்படி யாரும் அவனைக் கேட்கவில்லை.

திரும்புகிற வேனில் பெண்கள் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பிரிக்காமல் மடியில் வைத்திருந்தாள்.

"காலேஜு வேலை போச்சாப்பா?"

"போச்சும்மா." அவள் பக்கம் திரும்பினான். "சோம்பேறின்னு சொன்னதுக்கு ஏம்மா கை தட்டுன?"

"எனக்குக் காது கேக்காதா? எங்களத்தான் சொல்றன்னு தெரிஞ்சுச்சு. எம்புள்ள குரலு ஊருக்கே கேக்குதுன்னு தட்டிட்டேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பின்னால அம்புட்டுப் பேசுனியே, மொதல்ல அத உன் வாயால சொல்லாமயே இருந்திருக்கலாம்ல?"