பேச மறுத்த தட்டு

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் எந்தத் திருவிழாவுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவள் சுதர்ஷினிதான். மூன்று வருடம் கொழுந்து பறித்தவள். ஒருநாள் கோயில் மைக் ஓயாமல் ஊளையிட, கட்ட வந்த ஆண்கள் நாலு பேரும் கையைப் பிசைந்தார்கள். இவள் போய் வயரை மாற்றிச் செருகி அதை அடக்கினாள். அன்றோடு கொழுந்துக் கூடைக்கு முழுக்குப் போட்டாள்.

அவள் கணவன் ஜெயகாந்தனுக்குக் கொழும்பு ஆசை. அண்ணன் கடையில் வேலை இருக்கிறதாம். ஸ்பீக்கரை எல்லாம் விற்றுவிட்டு வா என்று ஒரு வருடமாக நச்சரித்தான். அந்தச் சமயத்தில்தான் பழைய வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பின் சாமான் அறையைக் காலி செய்தார்கள். குப்பை லொறியிலிருந்து சுதர்ஷினி ஒரு கறுப்பு இசைத்தட்டை இழுத்தெடுத்தாள். இரண்டு சாண் அகலம். விளிம்பில் ஒரு துண்டு உடைந்திருந்தது.

“இத நீ பேச வெச்சிட்டா இங்கயே இருப்போம் புள்ள. இல்லாட்டி கொழும்புக்குப் பொட்டி கட்டு,” என்றான் ஜெயகாந்தன். வெறும் வாய்ச்சவடால்தான். அவளோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பழைய ரெக்கார்ட் பிளேயரைப் பிரித்து, தட்டுக்கு ஏற்ற பெரிய சுழல் பலகை பொருத்தினாள். விளிம்பில் முள்ளை வைத்தால் ஒரே சுற்றில் வெளியே சறுக்கியது. பத்து நாள் இதே கூத்து.

லேபலைப் படமெடுத்து வெளிநாட்டுத் திரைப்படக் காப்பகம் ஒன்றுக்கு அனுப்பினாள். பதில் வந்தது. சினிமா பேசத் தொடங்கிய புதிதில் வந்த காதல் படமாம். குரலைத் தனித் தட்டில் பதிவு செய்து, படத்தோடு சேர்த்து ஓட்டுவார்களாம். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட உலகத்தில் மிஞ்சவில்லை. தட்டு ஓடுகிறதா என்று கேட்டிருந்தார்கள். ஜெயகாந்தன் சிரித்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுது முடித்து மறுபடியும் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

லேபலைத் துடைத்தபோது அழுக்குக்கு அடியில், லேபலை ஒட்டிய கோட்டைக் காட்டும் சின்ன அம்புக்குறி ஒன்று தெரிந்தது. பக்கத்தில் ‘ஆரம்பம்’ என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. நடுவிலிருந்து வெளியே ஓடுகிற தட்டு! இத்தனை நாளும் முடிவிலிருந்தல்லவா ஆரம்பித்திருக்கிறாள்!

கணவனைக் கூப்பிட்டாள். திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கரிலேயே இணைப்பைக் கொடுத்து முள்ளை நடுவில் வைத்தாள். கரகரப்பு. பிறகு ஒரு வெள்ளைக்காரி சிரித்தாள். லயத்து வரிசை வீடுகளின் சனம் வாசலுக்கு ஓடி வந்தது. ஒருவன் உருகி உருகிப் பேசினான்; கடைசியில், என்னோடு வருகிறாயா என்று கேட்டான். அந்த அளவு இங்கிலீஷ் எல்லோருக்கும் புரிந்தது. அதற்குள் முள் உடைந்த விளிம்புக்கு வந்து துள்ளி விழுந்தது.

“அவ பதில காணோமே! முழுசா பேசல புள்ள, பந்தயம் செல்லாது,” என்றான் ஜெயகாந்தன்.

சுதர்ஷினி மைக்கைக் கையில் எடுத்தாள்.

“அவ பதிலுதாங்க ஒடஞ்சு போச்சு. என் பதில கேட்டுக்கங்க, நான் வரல.”

குழாய் வழியே அது லயம் முழுக்கக் கேட்டது.